4எஸ் ட்ரோனில் 3எஸ் ஜிம்பல்: பேலன்ஸ் லீடிலிருந்து மூன்று செல் மட்டும் எடுக்கலாமா?

ஒற்றியூர்_குவாட்:

எஃப்450 ஃபிரேமில் நானே கட்டிய குவாட் (நாலு மோட்டார் ட்ரோன்), 4எஸ், அதாவது தொடராக நாலு செல் உள்ள 5000 மில்லி ஆம்பியர் மணி லிப்போ பேட்டரி, பறப்பதில் ஒரு குறையும் இல்லை. இப்போது அடியில் ஒரு இரண்டு அச்சு பிரஷ்லெஸ் ஜிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கிற கருவி) மாட்டப் போகிறேன், வீட்டில் சும்மா கிடக்கும் ஆக்‌ஷன் கேமராவுக்கு. ஜிம்பலோடு வந்த துண்டுச் சீட்டில் "3எஸ் / 12 வோல்ட்" என்று மட்டும் இருக்கிறது, வேறு விவரம் ஒன்றும் இல்லை. என் பேட்டரி முழு சார்ஜில் 16.8 வோல்ட். அதை நேராகக் கொடுத்தால் போர்டு காலி என்பது வரைக்கும் தெரியும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டேன். "பேலன்ஸ் லீடுல அஞ்சு ஒயர் வருதில்ல, கறுப்பையும் அதுலேருந்து நாலாவதையும் எடுத்துக்கோ, மூணு செல், 12.6 வோல்ட், வேலை முடிஞ்சுது, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்று சொல்லி அதற்கான ஒயரையும் கையில் கொடுத்துவிட்டார். (பேலன்ஸ் லீடு என்றால், சார்ஜ் போடும்போது ஒவ்வொரு செல்லையும் சமன் பார்க்க பேட்டரியிலிருந்து வருகிற மெல்லிய ஒயர்க்கட்டு.) மீட்டர் வைத்துப் பார்த்தேன், அவர் சொன்ன வோல்டேஜ் வரத்தான் செய்கிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. லிப்போ சமாச்சாரம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேமராவை மேலும் கீழும் சாய்க்க ரிசீவரிலிருந்து ஜிம்பலுக்கு ஒரு சிக்னல் ஒயர் போகிறது, கூடவே கிரவுண்டும் போகிறது. அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. மேசையில் 12 வோல்ட் அடாப்டரில் போட்டுப் பார்த்தபோது ஜிம்பல் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் ஒரு மாதிரி ரீங்காரம் வருகிறது, மோட்டாரும் சூடாகிறது. கேமரா அப்போது மாட்டவில்லை.

ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் விசைப்படகுகள் போய்த் திரும்புவதை மேலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்குள் இந்த பவர் விஷயத்தை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும். பேலன்ஸ் லீடு சரியா, இல்லையென்றால் வேறு என்ன வழி?


ஈயவாசம்:

தம்பி, அந்த ஒயரை எடுத்துத் தூர வைத்துவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னபடி போட்டால் முதல் நாளே தீப்பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜிம்பல் ஓடும், படமும் வரும், அதனால்தான் இந்த யோசனை இன்னும் சாகாமல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. கணக்கு போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி ஜிம்பல் சராசரியாக 0.4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். கால் மணி நேரம் பறந்தால் 100 மில்லி ஆம்பியர் மணி. 5000-ல் அது 2 சதவீதம், ஆனால் அந்த 2 சதவீதம் மூன்று செல்லிலிருந்து மட்டும் போகிறது, நாலாவது செல் அப்படியே இருக்கிறது. லிப்போவின் வோல்டேஜ் கடைசிக் கட்டத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கும், அந்த இடத்தில் இந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரியும். மொத்த வோல்டேஜை மட்டும் பார்க்கிற அலாரம் நாலு செல்லின் கூட்டுத்தொகையைப் பார்த்து எல்லாம் சரி என்று இருந்துவிடும். சார்ஜரில் போட்டால் பேலன்ஸ் ஆக நேரம் இழுக்கும், ஏனென்றால் சின்ன சார்ஜர்களின் பேலன்ஸ் கரண்டே 200, 300 மில்லி ஆம்பியர்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்பேன். நிஜமான ஆபத்து இறங்கிய பிறகு. பழக்கதோஷத்தில் பேட்டரியின் மெயின் கனெக்டரான எக்ஸ்டி60-ஐக் கழற்றிவிட்டு பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது என்று நினைப்போம், பேலன்ஸ் லீடு வழியாக ஜிம்பல் ஓடிக்கொண்டே இருக்கும். பறந்து இறங்கிய பேட்டரியில் 1500 மீதி இருக்கிறது என்றால் 0.4 ஆம்பியருக்கு நாலு மணி நேரம்கூடத் தாங்காது. ராத்திரி அப்படியே விட்டால் விடிவதற்குள் மூன்று செல் செத்திருக்கும், ஒரு செல் மட்டும் நன்றாக இருக்கும். அந்த பேட்டரியைத் தெரியாமல் சார்ஜரில் போடுவதுதான் வீட்டுக்குள் தீ வருகிற வழி.

உங்கள் சிக்னல் ஒயரில் கிரவுண்டு போகிறது என்று சொன்னீர்களே, அதில் இன்னொன்று இருக்கிறது. எக்ஸ்டி60-ன் நெகட்டிவ் பக்கம் சோல்டர் விட்டுப்போனாலோ லூசாக இருந்தாலோ மோட்டாருக்குப் போன கரண்ட் திரும்பி வர வேறு வழி தேடும். ஃபிளைட் கன்ட்ரோலர் கிரவுண்டு, ரிசீவர் கிரவுண்டு, உங்கள் சிக்னல் ஒயர், ஜிம்பல், அங்கிருந்து பேலன்ஸ் லீடின் அந்த மெல்லிய கறுப்பு ஒயர். வழியில் உள்ள எல்லாமே கருகும். கீழே உள்ள மூன்று செல்லுக்குப் பதில் தவறிப்போய் மேலே உள்ள மூன்றை எடுத்துவிட்டால் இன்னும் மோசம். மீட்டரில் அதே 12.6-தான் காட்டும், சந்தேகமே வராது. ஆனால் ஜிம்பலின் கிரவுண்டு உண்மையான கிரவுண்டைவிட 4.2 வோல்ட் உயரத்தில் நிற்கும். சிக்னல் ஒயரைச் செருகிய நொடியில் முதல் செல் நேரடி ஷார்ட்.

செய்ய வேண்டியது இதுதான். பவர் டிஸ்ட்ரிபியூஷன் போர்டில், எக்ஸ்டி60 ஒயர் வந்து சேருகிற பேடுக்குப் பக்கத்திலிருந்தே ஜிம்பலுக்கு என்று தனியாக ஒரு கிளை எடுங்கள். 22 ஏடபிள்யூஜி சிலிக்கான் ஒயர் தாராளம். பாசிட்டிவ் ஒயரில், பேடிலிருந்து இரண்டு விரல் தள்ளி, 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ். அப்புறம் ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜை இறக்கிக் கொடுக்கிற போர்டு), அதிலிருந்து ஜிம்பல். ஃபியூஸ் ஜிம்பலைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அது ஒயருக்காக. 5000 மில்லி ஆம்பியர் மணி 30சி (கொள்ளளவைப்போல் 30 மடங்கு) பேட்டரி கணக்குப்படி 150 ஆம்பியர் கொடுக்கும். ஃபியூஸ் இல்லாமல் அந்த மெல்லிய ஒயர் எங்காவது ஷார்ட் ஆனால் இம்மர்ஷன் ஹீட்டர் கம்பி மாதிரி பழுத்துவிடும், அதுவும் லிப்போவுக்கு அடியிலேயே.

7812 ரெகுலேட்டர் ஐசி போட்டால் போதாதா என்று யாராவது வருவார்கள். 16.8-லிருந்து 12-க்கு இறக்கும்போது அரை ஆம்பியருக்கு 2.4 வாட் சூடாக வெளியேறும், அதற்கு ஹீட்சிங்க் வேண்டும். பேட்டரி 14 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் 12 வோல்ட்டும் நிற்காது. வேண்டாம்.


புதுவண்ணை_விங்:

அண்ணன் சொன்னதில் பேலன்ஸ் லீடு பகுதிக்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். பக் கன்வெர்ட்டர் பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஜிம்பலுக்குத் தனியாக ஒரு குட்டி 3எஸ் பேட்டரி வைக்கிறேன், 500 மில்லி ஆம்பியர் மணி, ஐம்பது கிராமுக்குப் பக்கம். 0.4 ஆம்பியருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும், நான் அதில் பாதிதான் பயன்படுத்துகிறேன். இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) கிளப்புகிற இரைச்சல் எதுவும் ஜிம்பல் பக்கம் வராது, ஜிம்பல் ஷார்ட் ஆனாலும் மெயின் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது, குவாட் பத்திரமாக இறங்கும். சுத்தமான வேலை. சிக்னல் ஒயரில் கிரவுண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள், இரண்டு பேட்டரிக்கும் அது பொதுவாக இருந்தால்தான் சாய்ப்பு வேலை செய்யும்.

மலிவு பக் கன்வெர்ட்டரில் எனக்கு இருக்கிற பயம் வேறு. உள்ளே இருக்கிற ஸ்விட்ச் ஷார்ட் ஆனால் 16.8 வோல்ட் அப்படியே மறுபக்கம் போய்விடும். ஃபியூஸ் அதைத் தடுக்காது, ஃபியூஸுக்குக் கரண்ட்தான் தெரியும், வோல்டேஜ் தெரியாது.


ஒற்றியூர்_குவாட்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒயரைக் குப்பையில் போட்டாயிற்று. தனி பேட்டரி யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் ஏற்கெனவே எடை இடிக்கிறது, தவிர ஒவ்வொரு தடவையும் இன்னொரு லிப்போவைச் சார்ஜ் போட்டு, செக் பண்ணி, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைத்து என்று வேலை கூடும். பக் கன்வெர்ட்டர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் விங் அண்ணன் சொன்ன அந்த 16.8 விஷயம் வயிற்றைக் கலக்குகிறது. கையில் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் போர்டு ஒன்று இருக்கிறது, நீலக் கலர் பெட்டியில் திருகு வைத்தது. அதை நம்பலாமா?


கொருக்கு_எஃப்பிவி:

ஃபிளைட் கன்ட்ரோலரில் 5 வோல்ட் சும்மாதானே இருக்கிறது, அதை பூஸ்ட் பண்ணி 12 ஆக்கிக்கொள்ளலாமே ப்ரோ?


ஈயவாசம்:

கொருக்கு தம்பி, அந்த 5 வோல்ட்தான் உங்கள் ரிசீவருக்கும் ஃபிளைட் கன்ட்ரோலருக்கும் உயிர். ஜிம்பல் மோட்டார் ஒன்று இடித்து நின்று கரண்டை இழுத்தால் 5 வோல்ட் சரியும், கன்ட்ரோலர் ரீபூட் ஆகும், குவாட் கல்லாக விழும். கேமரா ஆட்டத்தைக் குறைக்கப் போய் குவாட்டையே விடணுமா?


வியாசை_வோல்ட்:

யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ்தான் என் பிழைப்பு, அதனால் பக் கன்வெர்ட்டர் பக்கம் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

விங் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் பக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் சூட்டிலும், இன்புட்டில் வரும் ஸ்பைக்கிலும், தப்பான செட்டிங்கிலும்தான் போகிறது, மூன்றையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். வாங்க முடிந்தால் திருகு இல்லாத, 12 வோல்ட் என்று நிலையாக வருகிற யூபெக் (ட்ரோனுக்கென்றே வருகிற ரெடிமேட் பக் கன்வெர்ட்டர்) வாங்குங்கள். 4எஸ்-க்கு ஏற்றது என்று இன்புட் அளவு தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். கையில் இருக்கிற எல்எம்2596-ஐத்தான் போடுவேன் என்றால் கீழே சொல்கிறபடி சோதித்துவிட்டுப் போடுங்கள். சந்தையில் அந்த ஐசியில் போலி நிறைய. மேலே எழுதியிருக்கிற 3 ஆம்பியரை நம்பாதீர்கள், அரை ஆம்பியருக்கு நல்ல போர்டு என்றால் சூடே தெரியாது.

முதலில் ஜிம்பல் இல்லாமல், வெறும் மீட்டரை மட்டும் அவுட்புட்டில் வைத்து 4எஸ் கொடுங்கள். நீலப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பித்தளைத் திருகு பல சுற்று போகிற ஜாதி. புதுப் போர்டில் முதல் சில சுற்றுக்கு மீட்டரில் எண்ணே அசையாது, கெட்டுப்போன போர்டு என்று நினைத்து வேகமாகத் திருகினால் திடீரென்று இறங்கும். வாட்ச்மேக்கர் ஸ்க்ரூடிரைவரால் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். எல்லாரும் 12 வைப்பார்கள், நான் 11.1 வைக்கச் சொல்வேன். அது 3எஸ் ஜிம்பல், பேட்டரி இறங்க இறங்க 12.6-லிருந்து 10.5 வரை பார்த்துப் பழகியது, அதற்கு 12 ஒன்றும் புனிதமான எண் இல்லை. உங்களுக்கு இதில் லாபம் உண்டு. முழு த்ராட்டிலில் 4எஸ் ஒரு செல்லுக்கு 3.3 என்று தொய்ந்தால் மொத்தம் 13.2, பக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய இன்புட் அவுட்புட்டைவிட ஒன்றரை வோல்ட்டாவது மேலே இருக்க வேண்டும். 12 வைத்தால் அந்த நேரத்தில் தள்ளாடும், 11.1 வைத்தால் அசையாது. ஜிம்பல் மோட்டாரின் பிடிமானம் வோல்டேஜைப் பொறுத்தது என்பதால், ஒரே வோல்டேஜ் நிலையாக வந்தால் முதல் நிமிடத்தில் ட்யூன் பண்ணியது கடைசி நிமிடம் வரை அப்படியே நிற்கும். நேரடி பேட்டரியில் அந்த வசதி கிடையாது. தனி பேட்டரிக்கும் இதே கதைதான், விங் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எண் சரியாக வந்ததும் திருகின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அதிர்வில் நகராது, நகர்ந்தாலும் பாலிஷ் வெடித்திருப்பதைப் பார்த்தே தெரிந்துவிடும்.

அப்புறம் லோடு சோதனை. பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், அதை அவுட்புட்டில் மாட்டினால் முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதாவது ஜிம்பலைப் போல் இரண்டு மடங்கு. பத்து நிமிடம் எரியட்டும். வோல்டேஜ் கால் வோல்ட்டுக்கு மேல் நகரக் கூடாது, ஐசி மேல் விரல் வைக்க முடிய வேண்டும். விரல் வைக்க முடியவில்லை என்றால் அந்தப் போர்டு வேறு எதற்காவது ஆகட்டும்.

இஎஸ்சிகள் பிரேக் பிடிக்கும்போது மெயின் ஒயரில் பேட்டரி வோல்டேஜைத் தாண்டி ஸ்பைக் வரும். அதற்கு எக்ஸ்டி60 பேடிலேயே ஒரு லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெப்பாசிட்டர், 470 அல்லது 1000 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட். 25 வோல்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று போடாதீர்கள். காலை நீளமாக விடாமல் ஒட்டப் பிடித்துச் சோல்டர் அடித்து, போலாரிட்டி பார்த்து, ஒரு ஜிப் டை. பக் கன்வெர்ட்டர் நீண்ட நாள் உயிரோடிருக்க இதுதான் காரணமாக இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்து முதல் தடவை பவர் கொடுக்கும்போது நேராகக் கொடுக்காதீர்கள். அதே இண்டிகேட்டர் பல்பை, முடிந்தால் 21 வாட் ஒன்றை, பேட்டரி பாசிட்டிவோடு தொடராகப் போட்டுக் கொடுங்கள். புரொப்பெல்லர் கழற்றியிருக்க வேண்டும், இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், சொல்லிவிட்டேன். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. விடாமல் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட், பல்பு கரண்டைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும், போர்டு தப்பிக்கும். ஜிம்பல் மோட்டார் வேலை செய்யத் தொடங்கினால் பல்பு மங்கலாக எரிந்து கொஞ்சம் ஆடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.


மணலி_மல்டிரோட்டர்:

பவர் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அந்த ரீங்காரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கேமரா மாட்டாமல் ஜிம்பலுக்குப் பவர் கொடுக்கவே கூடாது. கேமராவின் எடையை எதிர்பார்த்து ட்யூன் செய்த மோட்டார் எடை இல்லாமல் துடிக்கும், அந்தத் துடிப்புதான் ரீங்காரம், சூடும் அதனால்தான். கேமராவை மாட்டி, பவர் இல்லாமலேயே கையால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிற அளவுக்கு பேலன்ஸ் பண்ணுங்கள். பேட்டரியோடும் மெமரி கார்டோடும் பண்ணுங்கள், காலிக் கேமராவில் பண்ணினால் பிறகு மூக்குக் கனக்கும். நன்றாக பேலன்ஸ் ஆன ஜிம்பலுக்குக் குறைந்த கரண்டே போதும், அப்போது மேலே பேசிய கவலையும் கொஞ்சம் குறையும்.

பவர் கொடுத்ததும் சில நொடி குவாட்டைத் தொடாதீர்கள், கைரோ தன்னைச் சரிபார்த்துக்கொள்கிற நேரம் அது. அப்போது ஆட்டினால் அடிவானம் கோணலாகவே நிற்கும், பிறகு சாஃப்ட்வேரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒயர் விஷயத்தில், ஜிம்பலின் பவர் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, ஜிபிஎஸ் கம்பத்தின் பக்கமே போகாமல் கொண்டுபோங்கள், அங்கேதான் காம்பஸ் இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும், சாய்வை அளக்கிற ஐஎம்யூ சென்சரிலிருந்து வருகிற மெல்லிய ஒயரையும் மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அது ஐ2சி (சென்சர் டேட்டா போகிற ஒரு முறை) ஒயராக இருந்தால் இரைச்சல் ஏறி ஜிம்பல் நடுவானில் உறைந்துபோகும், பவர் குறைந்துவிட்டது என்று நீங்கள் பேட்டரியைச் சந்தேகப்படுவீர்கள்.


வியாசை_வோல்ட்:

மணலி சொன்னதோடு சேர்த்து ஒன்று, இது நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும். காசிமேட்டிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பறக்க விடுகிறவர்கள் உப்புக்காற்றை மறந்துவிடுகிறார்கள். பக் கன்வெர்ட்டர் திறந்த போர்டு. சில மாதத்தில் சோல்டர் மேலே பச்சை பூக்கும், பேலன்ஸ் பிளக்கின் பின்னிலும்தான். செட்டிங் முடிந்தபிறகு போர்டுக்கு கன்ஃபார்மல் கோட் (ஈரம் புகாத பூச்சு) அடித்து ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடுங்கள். கனெக்டருக்குள் கோட் போகக் கூடாது. ஃபிளைட் கன்ட்ரோலருக்கும் அடிக்கிறீர்கள் என்றால் பேரோமீட்டரின் ஊசித் துளையை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள், அது அடைத்தால் உயரம் பிடிக்காது.


ஒற்றியூர்_குவாட்:

வோல்ட் அக்கா, போர்டில் 11.1 வைத்து பல்பு போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் 11.06-க்கு வந்து அங்கேயே நிற்கிறது, ஐசி மேல் விரல் வைக்க முடிகிறது. கேமரா மாட்டி பேலன்ஸ் பண்ணியதும் ரீங்காரம் நின்றுவிட்டது, மணலி அண்ணனுக்கு ஸ்பெஷல் நன்றி. கெப்பாசிட்டர் இன்னும் வாங்கவில்லை, அது வந்ததும்தான் குவாட்டில் ஏற்றுவேன். 2 ஆம்பியர் ஃபியூஸ்தான் அகப்படவில்லை, பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் 10-ம் 15-ம்தான் இருக்கிறது. கேமராவையும் இதே லைனிலிருந்து சார்ஜ் பண்ணிக்கொள்ளலாமா?


ஈயவாசம்:

10 போட்டால் ஒயர் முந்தும், ஃபியூஸ் பிந்தும், வேண்டாம். மினி பிளேடு ஃபியூஸில் 2-ம் 3-ம் வருகிறது, புதுப்பேட்டையில் கார் எலெக்ட்ரிக்கல் கடையில் கேளுங்கள், ஹோல்டரையும் அங்கேயே வாங்கிவிடலாம். கேமரா தன் பேட்டரியிலேயே ஓடட்டும், அதற்கு 5 வோல்ட் வேறு, இந்த 11.1-ல் தப்பித் தவறிச் செருகினால் கேமரா போச்சு.


புதுவண்ணை_விங்:

நான் இன்னும் குட்டி பேட்டரி கட்சிதான், இருந்தாலும் அந்த 11.1 கணக்கு நல்ல கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஒற்றியூர், காசிமேடு துறைமுகத்தை ஒட்டின இடம். டிஜிட்டல் ஸ்கை தளத்தின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகிற இடம் என்ன நிறம் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது. பச்சையாக இருந்தாலும் 400 அடி வரைக்கும்தான். வடக்கே தள்ளி எங்காவது நின்றும் படகுகளை எடுக்கலாம், அங்கே என்ன நிறம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.


ஒற்றியூர்_குவாட்:

சரி அண்ணா, இப்போதே பார்க்கிறேன்.